ஏர் ஹோஸ்டஸ் ஆக 6 மாத கோர்ஸ் அவசியமா? பணம் கட்டும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் ‘6 மாதத்தில் ஏர் ஹோஸ்டஸ்’ விளம்பரங்கள் மொபைலில் வரிசை கட்டும். முந்திரியையும் பலாவையும் நம்பியிருக்கும் பண்ருட்டி பக்கத்துக் குடும்பம் ஒன்று, மகளின் கோர்ஸுக்காக நகையை அடகு வைக்கும் முன் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் வேலை என்று எந்த விதியும் இல்லை.

விதி என்ன சொல்கிறது?

பைலட்டுக்கு டிஜிசிஏ லைசென்ஸ் தருகிறது. கேபின் க்ரூவுக்கு அப்படித் தனி லைசென்ஸ் கிடையாது. 18 வயது நிரம்பி, பிளஸ் டூ முடித்திருக்க வேண்டும். டிஜிசிஏ ஒப்புதல் பெற்ற பாதுகாப்புப் பயிற்சியிலும் தேற வேண்டும். வேலைக்கு எடுத்த பிறகு விமான நிறுவனமே அந்தப் பயிற்சியைத் தந்துவிடும்.

உதாரணமாக, 2023-ல் 4,200 கேபின் க்ரூ பயிற்சியாளர்களை எடுக்கப்போவதாக ஏர் இந்தியா அறிவித்தது. அவர்களுக்கு 15 வாரப் பயிற்சி என்றும் சொன்னது. தீயை அணைப்பது, முதலுதவி, அவசரத்தில் பயணிகளை வெளியேற்றுவது எல்லாம் இதில் அடக்கம். விமானத்துக்கு விமானம் கதவும் கருவிகளும் மாறும். அதனால் வெளியே கோர்ஸ் முடித்தவரும் இங்கே முதல் பாடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அப்போ கோர்ஸ் வேஸ்ட்டா?

அப்படியும் சொல்ல முடியாது. தேர்வில் பார்ப்பது ஆங்கிலப் பேச்சு, குழு விவாதம், தோற்றம், பதற்றமில்லாமல் பழகும் விதம். தமிழ் மீடியத்தில் படித்தவருக்கு நல்ல பயிற்சி இங்கே கைகொடுக்கும். ஆனால் உயரத்தை எந்த கோர்ஸும் கூட்டாது. இண்டிகோ, ஏர் இந்தியா இரண்டும் பெண்களுக்குக் குறைந்தது 155 செ.மீ. கேட்கின்றன. புதியவர்களுக்கு வயது வரம்பு பொதுவாக 27. வெளியே தெரியும் டாட்டூவும் தடையாகலாம்.

முதலில் என்ன செய்யலாம்?

* வீட்டிலேயே உயரத்தை அளந்து பாருங்கள்.
* விமான நிறுவன இணையதளத்தில் அறிவிக்கும் நேர்காணலுக்கு ஒருமுறை நேரடியாகப் போங்கள். குறை ஆங்கிலத்திலா, வேறெதிலா என்று தெரிந்துவிடும்.
* ஆதிதிராவிடர், பழங்குடியின இளைஞர்களுக்குத் தாட்கோ இலவச விமானப் பணிப் பயிற்சி அளித்திருக்கிறது. இப்போது சேர்க்கை உண்டா என்று மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள்.
* ‘100 சதவீத பிளேஸ்மென்ட்’ என்றால் எந்த நிறுவனம், கேபின் க்ரூவா, கிரவுண்ட் ஸ்டாஃபா என்று எழுத்தில் வாங்குங்கள்.
* வேலை தரப் பணம் கேட்டால் அது மோசடி.

குறை ஆங்கிலம் மட்டும்தான் என்றால், அதற்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பே போதும், லட்சம் தேவையில்லை.