ஆளை மாற்றினால் கோபம் தீருமா?

தேர்தல் நெருங்கிவிட்டால் ஆளுங்கட்சிகள் முதலில் கைவைப்பது சிட்டிங் எம்.எல்.ஏ.க்கள் மீதுதான். மக்களின் அதிருப்தி ஆட்சி மீது இல்லை, உள்ளூர் உறுப்பினர் மீதுதான் என்று தலைமை தன்னைத் தானே தேற்றிக்கொள்கிறது. இந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2024 ஆந்திரத் தேர்தல் சாட்சி. 2019இல் 175 இடங்களில் 151ஐ அள்ளிய ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ், பலருக்கு சீட் மறுத்தது. அமைச்சர்களையே தொகுதி மாற்றியது. சிலகலூரிப்பேட்டையிலிருந்து குண்டூர் மேற்குக்கு அனுப்பப்பட்ட விடதல ரஜினி தோற்றார். கட்சிக்கு மிஞ்சியது 11. எதிரணி ஒன்றுசேர்ந்தது பெரிய காரணம்தான். ஆனால் கட்சியின் சொந்த வாக்கே ஏறத்தாழ 50 சதவீதத்திலிருந்து 39 சதவீதமாகச் சரிந்ததே!

அந்த எம்.எல்.ஏ.க்களின் கையில் அப்படி என்ன அதிகாரம் இருந்தது? முதல் தேதி காலையில் முதியோர் ஓய்வூதியத்தை வீட்டு வாசலில் கொடுத்தவர், சுமார் 50 வீட்டுக்கு ஒருவராக அரசு நியமித்த தன்னார்வலர். மற்ற உதவித்தொகைகள் முதல்வர் ஜெகன் பட்டனை அழுத்தியதும் வங்கிக் கணக்கில் விழுந்தன. நன்றியெல்லாம் ஜெகனுக்குப் போனது. குண்டும் குழியுமான சாலைக்கு மட்டும் எம்.எல்.ஏ.வைப் பிடித்து உலுக்கினார்கள். பேரவையிலும் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால், 1985ஆம் ஆண்டின் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி பதவியே போகலாம்.

புதுமுகங்களால் பலனே இல்லையா என்று கேட்கலாம். உண்டு, யர்ரகொண்டபாளையம், ஆலூர், அரக்கு ஆகிய தொகுதிகளில் கட்சியைக் கரையேற்றியது அவர்கள்தான். சில தொகுதிகளை அப்படிக் காப்பாற்றலாம், ஆட்சியைக் காப்பாற்ற முடியாது. உடனே குஜராத்தைக் காட்டுவார்கள்: 2022இல் பாஜக பல எம்.எல்.ஏ.க்களைக் கழற்றிவிட்டும் 182இல் 156 இடங்களை வென்றது. ஆனால் அங்கே முந்தைய ஆண்டே முதல்வர் விஜய் ரூபாணியும் அவரது மொத்த அமைச்சரவையும் வெளியேற்றப்பட்டிருந்தனர். போதாக்குறைக்கு எதிர்ப்பு வாக்குகளை ஆம் ஆத்மி பிரித்தது. மாறாக, தெலங்கானாவில் அன்றைய முதல்வர் கே.சி.ஆர். 2023இல் இருந்தவர்களையே கிட்டத்தட்ட அப்படியே நிறுத்தி, 119இல் 39உடன் ஆட்சியை இழந்தார். அவரே புதிதாகப் போய் நின்ற காமாரெட்டியிலும் தோற்றார். டெல்லியில் 2025இல் ஆம் ஆத்மி பல எம்.எல்.ஏ.க்களுக்கு சீட் மறுத்துப் பார்த்தது. புது டெல்லி வாக்காளர்கள் கட்சித் தலைவர் கெஜ்ரிவாலையே 4,089 வாக்கு வித்தியாசத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.