மகிமையில் பங்கு, கல்லறையில் சுவர்

அண்மையில் பேரையூரில் நண்பர்கள் சிலர் கூடிக் கிறித்தவத் தமிழிலக்கியம் குறித்து உரையாடிக்கொண்டிருந்தோம். முற்போக்கு முகாமில் நெடுங்காலம் இருந்துவரும் நண்பர் ஒருவர், “தேம்பாவணியாகட்டும், இரட்சணிய யாத்திரிகமாகட்டும், கடைசியில் எல்லாம் பரலோகத்தில்தான் போய் முடிகின்றன. உழைக்கிறவனுக்கு இங்கே கூலி இல்லை, அங்கே மகிமை உண்டு என்று தாலாட்டுப் பாடி உறங்கவைக்கிற இலக்கியம் இது” என்றார். சிலர் தலையசைத்தனர். உடனிருந்த கிறித்தவ நண்பர் ஒருவர் மறுக்க முற்பட்டார். அவருடைய மறுப்போ குற்றச்சாட்டைக் காட்டிலும் நம்மை வருத்தியது. “இந்த உலகம் எப்படிப் போனால் என்ன, நமக்கு அங்கே இடம் உறுதி” என்பதே அவர் வாதம்.

எதிரெதிர் நின்று வாதிட்ட இருவரும் ஒரே பிழையைச் செய்தனர் என்பது நம் துணிபு. பரலோக மகிமை என்பதைத் தனி மனிதன் ஒருவனுக்குப் பட்டா போட்டுக் கொடுக்கப்பட்ட மனை என்றே இருவரும் கொண்டனர். ஒருவர் அது பொய்ப்பட்டா என்கிறார். மற்றவர் மெய்ப்பட்டா என்கிறார். அது பட்டாவே அன்று என்பதை யார் சொல்வது?

சொல்லிலிருந்தே தொடங்குவோம். சீர்திருத்தச் சபையாரின் வேதாகமம் ‘மகிமை’ என்று வழங்குவதை, 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு ‘மாட்சி’ என்கிறது. இரண்டுக்கும் வேரான எபிரேயச் சொல் ‘காவோத்’. அதன் அடிப்பொருள் எடை, பாரம். தமிழ் அறிந்தவர்க்கு இதில் வியப்பில்லை. நம் ‘கனம்’ என்னும் சொல்லும் பாரத்தையும் மதிப்பையும் ஒருசேரக் குறிப்பதுதானே? பழைய மொழிபெயர்ப்பில் ‘கனமகிமை’ என்றே ஒரு சொல்லாட்சி உண்டு. ஆகவே மகிமை என்பது வெறும் ஒளிவட்டம் அன்று. ஒருவனை இலேசாக எண்ணிவிட முடியாதபடி அவனுக்கு வாய்க்கும் கனம் அது. ஊர் யாருக்குக் கனம் தர மறுத்ததோ, அவர்களுக்கு இந்தச் சொல் என்ன பொருள் தந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இனிப் பவுல் உரோமைச் சபையாருக்கு எழுதிய திருமுகத்தின் எட்டாம் அதிகாரத்திற்கு வருவோம். கடவுளின் பிள்ளைகள் கிறித்துவோடு உடன் உரிமையாளர். அவரோடு துன்புற்றால் அவரோடு மகிமையும் பெறுவர் என்பது அங்குள்ள கருத்து. உரிமையாளர் என்பது பன்மை. ‘உடன்’ என்பது அதன் உயிர். அடுத்து வருவது இன்னும் முக்கியமானது: படைப்பு முழுவதும் அந்த மகிமைக்காகப் பேறுகால வேதனையில் முனகிக்கொண்டிருக்கிறது என்கிறார் பவுல். பிரசவ வேதனையில் இருப்பவளை யாரேனும் உறங்குகிறாள் என்பார்களா? தாலாட்டு என்ற நம் நண்பர் இந்த அதிகாரத்தைப் படித்தாரா என்று தெரியவில்லை. படித்துவந்த கிறித்தவ நண்பருக்கும் அந்த முனகல் கேட்டதாகத் தெரியவில்லை.

தமிழ்ச் சமய மரபு சாலோகம், சாமீபம், சாரூபம், சாயுச்சியம் என நால்வகைப் பேறுகளைச் சொல்லும். கிறித்தவ நம்பிக்கையை இவற்றோடு ஒப்பிட்டு எழுதுவோர் பலர். ஒப்புமை பயனுடையதே. எனினும் ஒரு வேறுபாட்டை அவர்கள் எளிதில் கடந்துவிடுகின்றனர். கிறித்தவம் எதிர்நோக்குவது உயிரின் விடுதலையை மட்டும் அன்று, உடலின் உயிர்த்தெழுதலையும். மண்ணில் புதைத்த அதே உடல் மகிமையுற்று எழும் என்பது அதன் விசுவாச அறிக்கை. அவ்வாறாயின், அந்த உடலை எங்கே, யாருக்கு அருகே புதைக்கிறோம் என்பது வெறும் ஊர்வழக்கமாக எப்படி இருக்க முடியும்?

இங்கேதான் வரலாறு நம்மைத் தலைகுனியச் செய்கிறது. இராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். காவியுடுத்துத் தமிழ் கற்று, தமிழ் உரைநடையில் சமய நூல்கள் எழுதினார். அவற்றுள் ஒன்றின் பெயரே ‘நித்திய ஜீவன சல்லாபம்’. நிலைவாழ்வைப் பற்றித் தமிழில் உரையாட முடியும் என்று காட்டிய அப்பெருந்தகைக்கு நம் மொழி கடன்பட்டிருக்கிறது, ஐயமில்லை. ஆனால் அவர் தொடங்கிய மதுரை மிஷனில் உயர்சாதியாருக்குச் சந்நியாசிக் குருக்கள் ஒருபுறம் இருக்க, 1640 முதல் தாழ்த்தப்பட்டோரையும் அணுகுவதற்கெனப் பண்டாரசாமிகள் என வேறொரு வகைக் குருக்கள் அமர்த்தப்பட்டனர். ஒரே நித்திய ஜீவனைப் போதிக்க இரு வகைக் குருமார்!

சீர்திருத்தச் சபையும் தப்பவில்லை. ஆயர் தானியேல் வில்சன் 1833இல் திருச்சபைக்குள் சாதி வேறுபாடு அறவே ஒழிய வேண்டும் என ஆணையிட்டபோது தஞ்சையில் வேளாளக் கிறித்தவர்கள் கொதித்தெழுந்தனர். அந்தத் தரப்பின் அறிவுக்குரலாக நின்றவர் வேறு யாருமல்லர், பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியார். குறத்தியைக் கொண்டு மீட்பின் செய்தியைப் பாடுவித்த அக்கவிஞருக்கு, ஆலயத்தில் அருகருகே அமர்வது இயலாததாகத் தோன்றியது. அவர் கவித்துவத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. அக்கவித்துவத்தையே அளவுகோலாக வைத்து அவரைக் கேள்வி கேட்கிறோம்.

கத்தோலிக்கத் தமிழில் ‘பங்கு’ என்றால் ஒரு குருவின் பொறுப்பிலுள்ள இறைமக்கள் சமூகம். பங்குத்தந்தை, பங்குப்பேரவை என்பன நாளும் புழங்கும் சொற்கள். தெய்வ மகிமையில் பங்கு என்பதற்கும் அதே சொல். இதைவிட அழகிய ஒற்றுமையைத் தமிழ் எப்படித் தர முடியும்? அந்தச் சொல்லை நாம் என்ன செய்தோம்? எறையூரில் (அன்று விழுப்புரம் மாவட்டம், இன்று கள்ளக்குறிச்சி மாவட்டம்) தலித் கிறித்தவர்கள் தமக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்க நேர்ந்தது. இருந்த பங்கில் அவர்களுக்குப் பங்கு இல்லை என்பதே காரணம். 2008 மார்ச்சில் அது கலவரமாக வெடித்துக் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் இறந்தோரைச் சாதி பிரித்த சுவரும் நாடறிந்த செய்தியே. கடைசி எக்காளம் முழங்கும்போது சுவருக்கு இப்பால் ஒரு மகிமை, அப்பால் ஒரு மகிமை என்று எழுவார்களோ?

பேரையூருக்குத் தெற்கே மலைக்கு அப்புறம், வத்திராயிருப்பை அடுத்த புதுப்பட்டியிலிருந்து வந்தவர் பாமா. 1992இல் வெளிவந்த அவருடைய ‘கருக்கு’, துறவற மடத்துக்குள்ளும் தொடர்ந்து வந்த சாதியைச் சொல்லிற்று. அதைத் தலித் தன்வரலாறு என்று பாடத்திட்டத்தில் வைத்தோம், நல்லது. நாம் அதைக் கிறித்தவ இலக்கியமாகவும் படிக்க வேண்டும் என்போம். வாக்களிக்கப்பட்ட மகிமையை மெய்யென்று நம்பியவர் அல்லவா அது மறுக்கப்பட்டபோது அவ்வளவு சினம் கொள்ள முடியும்?

தேம்பாவணிக்குத் திரும்புவோம். 1726இல் நிறைவுற்ற அக்காப்பியம் முடிசூட்டுப் படலத்தோடு முடிகிறது. விண்ணுலகில் முடிசூட்டப்படுபவன் வளன் எனப்படும் சூசை. தாவீதின் குலத்தவன் ஆயினும் தச்சுத் தொழில் செய்து உண்டவன். உளி பிடித்துக் காய்த்த கையை உடையவன் தலையில் மணிமுடி! இதையா உறங்கவைக்கும் இலக்கியம் என்பது? உழைப்பவன் இறைவனின் மகிமைக்கு உரியவன் என்று ஒரு பெருங்காப்பியம் சொல்லும்போது, அவனைத் தெருவில் விலக்குகிற எந்த ஏற்பாடும் பொய் என்றுதானே பொருள்?

நண்பர் பக்கம் நியாயமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ‘பொறுத்துக்கொள், அங்கே கிடைக்கும்’ என்று ஏழையின் வாயடைக்க இந்த நம்பிக்கை பயன்பட்டதுண்டு, இன்றும் பயன்படுகிறது. ஆனால் திருடப்பட்ட பொருளுக்காகத் திருடனைப் பிடிக்க வேண்டுமே தவிர, பொருளைப் பழிப்பதில் என்ன நியாயம்?

இதற்குச் சான்று தேடி நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. எமது வட்டத்திலேயே உள்ள தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் ஜே. சி. குமரப்பா தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தார். தஞ்சையில் கிறித்தவக் குடும்பத்தில் 1892இல் பிறந்தவர். இயேசுவின் போதனையையும் நடைமுறையையும் பற்றிச் சிறையிலிருந்து நூல் எழுதியவர். அந்தக் கையே தாய்மைப் பொருளாதாரம் பற்றியும் எழுதியது. எருக்குழியையும் செக்கையும் கைக்குத்தல் அரிசியையும் பற்றிக் கவலைப்பட்டது. 1960 ஜனவரி 30 அன்று, காந்தி மறைந்த அதே தேதியில், அவர் மறைந்தார். கடவுளின் மகிமையை நம்பியவர் நிலத்தின் வேலையை நாளைக்கு ஒத்திவைக்கவில்லை. விண்ணை நம்பியதனாலேயே மண்ணை இலேசாக எண்ண அவரால் முடியவில்லை என்றே நாம் கருதுகிறோம்.

ஆகவே முற்போக்கு நண்பருக்கு நாம் சொல்வது: படியுங்கள், பிறகு பழியுங்கள். கிறித்தவ நண்பருக்குச் சொல்வது சற்றுக் கடினமானது. உங்களுக்கு அங்கே இடம் உறுதி என்கிறீர்கள், மகிழ்ச்சி. அருகில் யார் அமர்ந்திருப்பார் என்று எண்ணிப் பார்த்தீர்களா? அவரை உங்கள் தெருவில், உங்கள் ஆலயத்தின் முன்வரிசையில், உங்கள் தாய் துயிலும் கல்லறைக்குப் பக்கத்துக் குழியில் ஏற்க முடியாதென்றால், அந்தப் பரலோகத்தில் உங்களுக்கு என்ன வேலை?