விளையாட்டிலே அரட்டை: கதவைச் சாத்தலாமா?

2012-ம் ஆண்டு ஜூன் மாதம். உலகப் புகழ் பெற்ற ஓர் ஓட்டல் திடீரென்று ஊமையாகி விட்டது!

உள்ளே இருந்தவர்கள் நடந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நடனம்கூட ஆடினார்கள். ஆனால் ஒருவராலும் ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

இது செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய ஓட்டல் அல்ல. கம்ப்யூட்டர் திரைக்குள்ளே இருக்கும் ஓட்டல். "ஹாபோ ஓட்டல்" என்று பெயர். பின்லாந்து தேசத்து சுலாக்கே என்ற கம்பெனி, 2000-ம் ஆண்டில் அதைத் தொடங்கியது. சிறுவர் சிறுமியர் ஆளுக்கு ஒரு பொம்மை உருவத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போவார்கள். தங்களுக்கென்று ஓர் அறை. அதிலே மேஜை, நாற்காலி, கட்டில். எல்லாம் படம்தான்! பக்கத்து அறைக்குப் போவார்கள். அங்கே நிற்கும் பொம்மையோடு பேசுவார்கள்.

அந்தப் பொம்மைக்குப் பின்னால் இருப்பவர் யார்? பிரேசிலில் இருக்கும் பள்ளிக்கூடத்துப் பையனா? லண்டனில் இருக்கும் 40 வயது ஆசாமியா? அது யாருக்கும் தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ள, பிரிட்டனின் "சேனல் 4" டெலிவிஷன் செய்திப் பிரிவைச் சேர்ந்த ஒரு பெண்மணி முன்வந்தார். 11 வயதுச் சிறுமி என்று சொல்லிக்கொண்டு உள்ளே நுழைந்தார். இரண்டு மாத காலம் போய் வந்தார். அங்கே அவரிடம் பேசப்பட்ட பேச்சுக்களைக் குடும்பத்தினர் படிக்கும் பத்திரிகையில் அச்சிட முடியாது. டெலிவிஷனில் செய்தி வெளிவந்ததும் பிரிட்டன் கொதித்தது. கம்பெனியில் பணம் போட்டிருந்த இரண்டு பெரிய நிறுவனங்கள் கையை உதறிக்கொண்டு வெளியேறின. ஹாபோ பரிசுச் சீட்டுகளைக் கடைக்காரர்கள் அலமாரியிலிருந்து எடுத்து விட்டார்கள்.

கம்பெனி என்ன சொன்னது? காவல் இல்லாமல் இல்லை; 225 கண்காணிப்பாளர்களுக்கு மேல் இருக்கிறார்கள்; தினம் 7 கோடி வரிப் பேச்சைக் கவனிக்கிறார்கள் என்றது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லட்சம் வரிகளுக்கு மேல் வருகிறது! கம்ப்யூட்டர் வடிகட்டிக் கொடுத்தாலும்கூட, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும்கூட, நடக்கிற காரியமா அது?

அதனால்தான் கம்பெனி ஒரே அடியாக எல்லார் வாயையும் பூட்டியது. பிறகு படிப்படியாகத் திறந்தது. ஓட்டல் பிழைத்தது. ஆனால் அன்று எழுந்த கேள்வி இன்றும் ஓயவில்லை. விளையாட்டுத் தளங்களில் முன்பின் தெரியாதவர்கள் கூடிப் பேசும் பொது அரட்டை வேண்டுமா? அல்லது அடியோடு எடுத்து விடலாமா?

சந்தையும் சந்தும்

பொது அரட்டை என்பது சந்தைக் கூட்டம் மாதிரி. ஒருவர் பேசுவது எல்லார் காதிலும் விழும். தீய எண்ணம் கொண்டவன் அங்கேயே தன் வேலையைக் காட்ட மாட்டான். அங்கே அவன் ஆள் பார்ப்பான், அவ்வளவுதான்.

தனியாக ஆடும் குழந்தை எது? இரவு வெகு நேரம் விழித்திருப்பது எது? அம்மா திட்டினாள் என்று சொல்லி அழுவது எது? பார்த்து வைத்துக்கொள்வான். பிறகு புகழுவான். "நீ பலே கெட்டிக்காரன்" என்பான். ஆட்டத்தில் செலவழிக்கும் நாணயங்களைப் பரிசாகக் கொடுப்பான். நாலு நாள் போனதும், "இங்கே கூட்டமாக இருக்கிறது. வேறு இடத்துக்கு வா, பேசலாம்" என்று அழைப்பான். டிஸ்கார்ட், ஸ்நாப்சாட் போன்ற வேறு செயலிகளுக்கு அழைத்துப் போய் விடுவான். அது சந்தை அல்ல; இருட்டுச் சந்து. அங்கேதான் போட்டோ கேட்பது, பிறகு "உன் அப்பாவிடம் சொல்லி விடுவேன்" என்று மிரட்டுவது, எல்லாம் நடக்கின்றன.

இரண்டு கட்சிக்காரர்களும் இந்த ஓர் உண்மையைத்தான் கையில் வைத்துக்கொண்டு வாதாடுகிறார்கள். "வலை விரிக்கப்படுவது சந்தையிலேதான். சந்தையை மூடு" என்கிறது ஒரு கட்சி. "குற்றம் நடப்பது சந்தில். சந்தையை மூடினால், நாலு பேர் பார்க்கும் இடமும் போய்விடும். எல்லாரும் சந்துக்கே போவார்கள்" என்கிறது மற்றொரு கட்சி.

பூட்டிப் பார்த்தவர்கள்

சந்தையை மூடிப் பார்த்தவர்களும் உண்டு. 2003-ம் ஆண்டு அக்டோபர் மாதம், மைக்ரோசாப்ட் கம்பெனி, பிரிட்டன் உள்படப் பல நாடுகளில் தன்னுடைய இலவச அரட்டை அறைகளை மூடியது. அமெரிக்காவில் பணம் கட்டிச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் என்று மாற்றியது. பணம் கட்டுகிறவருக்குப் பெயர், விலாசம் உண்டு அல்லவா? குழந்தைகள் நலச் சங்கத்தார் சிலர் இதை வரவேற்றார்கள். லாபம் இல்லாத கடையைக் கட்டிவிட்டு, தர்மம் செய்ததாகச் சொல்கிறார்கள் என்று கேலி செய்தவர்களும் உண்டு. அரட்டையோ நிற்கவில்லை. வேறு இடங்களுக்குப் போய்விட்டது.

டிஸ்னி கம்பெனி வேறு வழியில் போயிற்று. 2003-ல் அது வெளியிட்ட "டூன்டவுன்" என்ற விளையாட்டில், குழந்தைகள் தாங்களாக எதையும் எழுத முடியாது. "வணக்கம்", "உதவி வேண்டும்", "நல்ல ஆட்டம்" என்பது போன்ற வாக்கியங்கள் தயாராக இருக்கும். அதில் ஒன்றைத் தொட்டால் போதும். சுதந்திரமாகப் பேச வேண்டுமானால், ஒரு ரகசிய எண்ணைத் தெரிந்த நண்பனுக்கு நேரில் கொடுக்க வேண்டும். பத்திரமான ஏற்பாடுதானே?

குழந்தைகள் சும்மா இருப்பார்களா! விளையாட்டில் தங்களுக்குக் கிடைத்த வீட்டின் சாமான்களை எழுத்து வடிவில், எண் வடிவில் அடுக்கி வைத்தார்கள். வீட்டுக்கு வந்த புது ஆள் அதைப் பார்த்து ரகசிய எண்ணைப் படித்துக்கொண்டான்! வாயைக் கட்டினால் மேஜையும் நாற்காலியும் பேசின.

கெட்ட வார்த்தைகளைக் கம்ப்யூட்டர் அழிக்கும் தளங்களிலும் இதே கதைதான். ஒரு எழுத்தை மாற்றிப் போட்டு அதே வார்த்தையை எழுதிவிடுகிறார்கள்.

சக்கர நாற்காலியில் ஒரு வீரன்

இதற்கு மறுபக்கமும் உண்டு.

நார்வே நாட்டில் மாட்ஸ் ஸ்டீன் என்ற வாலிபர் இருந்தார். பிறவியிலேயே தசைகளைத் தின்னும் நோய். சிறு வயதிலேயே சக்கர நாற்காலி வந்துவிட்டது. கடைசிக் காலத்தில் விரல்களை மட்டுமே கொஞ்சம் அசைக்க முடிந்தது. பகலும் இரவும் "வேர்ல்ட் ஆப் வார்கிராப்ட்" என்ற விளையாட்டிலேயே கிடந்தார். பெற்றோர் மனம் வெதும்பினார்கள். மகனுக்கு நண்பர் இல்லை, காதல் இல்லை, வாழ்க்கையே இல்லாமல் போகிறதே என்று கண்ணீர் விட்டார்கள்.

2014-ம் ஆண்டில், 25-வது வயதில் மாட்ஸ் இறந்தார். அவர் எழுதி வந்த இணையப் பக்கத்தில் தகப்பனார் மரணச் செய்தியைப் போட்டார். அவ்வளவுதான். பல தேசங்களிலிருந்து கடிதங்கள் குவிய ஆரம்பித்தன! "உங்கள் மகன் எனக்கு ஆறுதல் சொன்னார்", "எனக்கும் என் பிள்ளைக்கும் இருந்த பிணக்கைத் தீர்த்தார்" என்ற பாவனையில் முகம் தெரியாதவர்கள் எழுதினார்கள். விளையாட்டிலே அவர் ஐபெலின் என்ற பெயர் கொண்ட வீரன். நடக்க முடியாத மாட்ஸ், அங்கே தினமும் ஓடினார். நண்பர்கள் சிலர் வெளிநாடுகளிலிருந்து சவ அடக்கத்துக்கே வந்து சேர்ந்தார்கள். விளையாட்டில் பதிவாகியிருந்த பேச்சுக்களைக் கொண்டு அவருடைய கதை 2024-ல் சினிமாப் படமாகவும் வந்தது.

அரட்டையை அடியோடு எடுத்திருந்தால் மாட்ஸுக்கு என்ன மிஞ்சியிருக்கும்? நான்கு சுவர்தான்.

ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாட்ஸ் வயது வந்தவர். அவருடைய நண்பர்களும் பெரும்பாலும் வயது வந்தவர்கள். ஒரே சங்கமாக வருஷக்கணக்கில் கூடி ஆடியவர்கள். எட்டு வயதுக் குழந்தை, எதிரே வரும் எவரோடும் பேசுவது வேறு விஷயம். இரண்டையும் ஒரே தராசில் போட்டு நிறுப்பதால்தான் இந்த விவாதம் முடியாமல் இழுபடுகிறது.

ரோப்லாக்ஸ் விவகாரம்

இன்று இந்த வாதம் சூடு பிடித்திருப்பது ரோப்லாக்ஸ் என்ற தளத்தைச் சுற்றி. கலிபோர்னியாவைச் சேர்ந்த கம்பெனி. 2006-ல் தொடங்கியது. 2025 ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மூன்று மாதங்களில், தினம் சராசரியாக 15 கோடிப் பேர் அங்கே வந்து போனார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு 13 வயது நிரம்பாத குழந்தைகள்!

2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் லூசியானா மாகாண சர்க்கார் இந்தக் கம்பெனி மீது வழக்குத் தொடர்ந்தது. குழந்தைகளைக் காக்கத் தவறியது என்பது குற்றச்சாட்டு. பிறகு வேறு மாகாணங்களும் கோர்ட்டுக்குப் போயின. கம்பெனி குற்றச்சாட்டுகளை மறுக்கிறது. துருக்கி 2024-லேயே தளத்தைத் தடை செய்துவிட்டது. வளைகுடாவில் சில நாடுகளில், 2025-ல் அரட்டையை மட்டும் நிறுத்தி வைக்கக் கம்பெனி ஒப்புக்கொண்டது.

2026 ஜனவரியில் கம்பெனி ஒரு புதிய ஏற்பாட்டை உலகெங்கும் கொண்டு வந்தது. அரட்டை அடிக்க வேண்டுமானால், காமிரா முன் முகத்தைக் காட்ட வேண்டும். கம்ப்யூட்டர் முகத்தைப் பார்த்து வயதை மதிப்பிடும். அல்லது அடையாளச் சீட்டைக் காட்டலாம். ஒன்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் அரட்டை கிடையாது. மற்றவர்கள் தங்கள் வயதுக்காரர்களோடும், அதை ஒட்டிய வயதுக்காரர்களோடும்தான் பேசலாம். 12 வயதுப் பையன் 30 வயது அந்நியனோடு பேச வழி இல்லை.

யோசனை நல்ல யோசனைதான். ஆனால் அமல் நடத்திய முதல் மாதத்திலேயே வேடிக்கைகள் கிளம்பின. ஒரு சிறுவன் கறுப்பு மையால் முகத்தில் தாடியும் சுருக்கமும் வரைந்துகொண்டு காமிரா முன் நின்றான். 21 வயதுக்கு மேற்பட்டவன் என்று கம்ப்யூட்டர் சர்ட்டிபிகேட் கொடுத்துவிட்டது! பெரியவர்கள் சிலரைச் சிறுவர் பட்டியலில் சேர்த்தது. வயது சோதித்து முடித்த கணக்குகளை விலைக்கு விற்கவும் ஆட்கள் முளைத்தார்கள்.

கம்பெனிகள் அரட்டையை ஏன் லேசில் விடுவதில்லை? பேச்சுத் துணை இருந்தால் குழந்தை அதிக நேரம் உட்காரும். அதிக நேரம் உட்கார்ந்தால் அதிகம் செலவழிக்கும். ரகசியம் ஒன்றும் இல்லை.

ஆகையால் "எல்லாருக்கும் எடு" என்பதும் சரியில்லை, "எல்லாருக்கும் கொடு" என்பதும் சரியில்லை. சிறு குழந்தைகள் வரும் தளத்தில், அந்நியர் கலந்து பேசும் பொது அரட்டை முதலில் மூடியே இருக்க வேண்டும். பெற்றோர் பார்த்துத் திறக்கட்டும். பள்ளித் தோழன், அத்தை மகன் என்று தெரிந்தவர்களோடு பேசத் தடை வேண்டாம். பெரியவர்களுக்குத் தனிக்கூடம் இருக்கட்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், சந்தையிலிருந்து சந்துக்குப் போகும் அந்தச் சின்னக் கதவு. "வேறு செயலிக்கு வா" என்ற அழைப்பைப் பிடித்து நிறுத்தாத எந்த ஏற்பாடும் அரைக் கிணறு தாண்டியது போலத்தான்.

இந்தியாவில் என்ன நிலை? 2025 ஆகஸ்டில் பார்லிமெண்ட் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடுக்கிறது. அரட்டை அதன் குறி அல்ல. 2023-ம் ஆண்டின் தகவல் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரின் விவரங்களைத் திரட்டப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. இந்தக் கடமைகள் அமலுக்கு வர 18 மாத அவகாசம் கொடுக்கப்பட்டது.

வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. ரோப்லாக்ஸ் போன்ற தளங்களில் பெற்றோருக்கென்று தனிக் கணக்கு உண்டு. அதன் வழியாகக் குழந்தையின் அரட்டையை அடைத்து விடலாம். செல்போனில் விவரம் தெரிந்த மூத்த பிள்ளை பத்து நிமிஷத்தில் செய்து கொடுப்பான். யாராவது மிரட்டுகிறார்கள் என்று குழந்தை வந்து சொன்னால் அடிக்கக் கூடாது. வீட்டில் அடி விழும் என்ற பயம்தான் மிரட்டுகிறவனுடைய ஆயுதம். குழந்தைகள் உதவிக்கு 1098. இணையக் குற்றப் புகாருக்கு 1930. வந்த செய்திகளை ஆத்திரத்தில் அழித்து விடாமல் அப்படியே வைத்திருக்க வேண்டும். போலீஸாருக்கு அதுதான் சாட்சி.