மீண்டும் முருங்கை மரத்தடிக்கு



கண்டி ஹந்தானைத் தோட்டத்தில் சிறுவனாய் இருந்தபோது, ‘அம்புலிமாமா’வில் விக்கிரமாதித்தன் கதை படித்து வேதாளத்துக்கு அஞ்சினேன். 1947இல் சென்னையில் தொடங்கிய அவ்விதழ் இன்று வெளிவருவதில்லை. அண்மையில் பழைய பிரதியொன்றை மீண்டும் வாசித்தேன். இம்முறை மன்னனே மனத்தில் நின்றான்.

விடை தெரிந்தும் பேசாதிருந்தால் தலை சிதறும். உண்மையைச் சொன்னாலோ, தோளில் சுமந்த உடல் மரத்துக்கே திரும்பிவிடும். அவன் ஒவ்வொரு முறையும் உண்மையையே சொன்னான். மறுபடியும் மரத்தை நோக்கி நடந்தான்.

குடியை விட்டு மீண்டும் விழுந்த மகனுக்காகக் கலங்கும் பெற்றோரே, சிலுவையைச் சுமக்க ஆண்டவர் விடுத்த அழைப்பில், ‘நாள்தோறும்’ என்பதை லூக்கா மட்டுமே குறித்துள்ளார் (9:23). நேற்றைய தோல்வியோடு அச்சுமை முடிவதில்லை. இன்றும் அம்மகனிடம் உண்மையைச் சொல்லுங்கள். இன்றும் அவனைத் தோளில் ஏற்றுங்கள்.