வடிகால் திறந்திருந்தால்...

1437 பிப்ரவரியில், பெர்த் நகரத் துறவிமடத்தில் தங்கியிருந்த ஸ்காட்லாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ், கொலைஞர் வரக்கண்டு தரைக்கடியிலுள்ள கழிவுநீர் வடிகாலுள் இறங்கினார். பந்துகள் விழுந்து தொலைந்தமையால் அதன் வாயைச் சில நாள் முன்னர் அடைப்பித்தவர் அவரே என்பர்.

வழி திறந்திருந்தால்? ஆறு வயது மகன் அரியணை ஏறியிரான். 1440-இல் எடின்பரோக் கோட்டைக்கு அழைக்கப்பட்ட இளம் டக்ளஸ் பிரபு கொலையுண்டிருக்கவும் மாட்டார் எனலாம்.

ஆயினும், நாடு அமைதி கண்டிருக்கும் என நாம் கருதவில்லை. இங்கிலாந்தில் 18 ஆண்டுகள் சிறையிருந்து மீண்ட மன்னர், பிரபுக்களின் நிலங்களைப் பறித்தார். வரிச்சுமையால் வெறுப்பை வளர்த்தார். சதியில் சிற்றப்பன் முறையினரான அத்தோல் பிரபுவே உடன்பட்டார் அன்றோ! ஓரிரவு தப்பினும் பகை தப்பவிடாது. தப்பியோட வடிகாலைத் திறந்து வைப்பதினும், குறை கேட்க அவைக்கதவைத் திறந்து வைப்பதே ஆள்வோர்க்கு அரண் என்போம்.