முடக்கும் ஆணைக்குக் காரணம் சொல்லுங்கள்

பெறுநர்: செயலாளர், தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், புது டெல்லி
படி: உள்துறை, மகாராஷ்டிர அரசு, மும்பை
மனுதாரர்: தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதித் தமிழ் வாசகர்களின் சங்கம்
பொருள்: இணையதள முடக்க ஆணைகளை வெளியிடக் கோருதல்

ஐயா,

2025 பிப்ரவரி 15 மாலை விகடன் இணையதளம் பலருக்குத் திறக்கவில்லை. அமெரிக்கா இந்தியர்களுக்கு விலங்கிட்டுத் திருப்பி அனுப்பிய நாட்கள் அவை. அதில் பிரதமர் மௌனம் காத்ததை விமர்சித்து, டிரம்ப் அருகே அவர் விலங்குடன் அமர்ந்திருப்பதாக விகடன் பிளஸ் இதழ் கேலிச்சித்திரம் வெளியிட்டிருந்தது. தளம் முடங்கிய பிறகுதான் அமைச்சகத்தின் கடிதம் விகடனுக்கு வந்தது. ஒரு சித்திரத்துக்காக அரசியல், சினிமா, சமையல் குறிப்பு எல்லாமே மறைந்தன. சித்திரம் உள்ள பக்கத்தைத் தற்காலிகமாக நீக்கச் சொல்லி, தளத்தைத் திறக்குமாறு மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இந்த வழி முதல் நாளே அமைச்சகத்துக்குத் தோன்றாதது ஏன் என்று சங்கத்தினர் கேட்கிறார்கள். முடக்கம் சங்கத்தினரையும் தொடுகிறது: தலைமுறைகளாக மும்பையில் வாழும் தமிழர்களுக்கு நெல்லைச் செய்தியும் சென்னைச் செய்தியும் இன்று கைபேசியில்தான் வந்து சேர்கின்றன.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு, காரணத்தை எழுத்தில் பதிவு செய்த பிறகே முடக்கலாம் என்கிறது. 2015இல் ஷ்ரேயா சிங்கல் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்பிரிவைச் செல்லும் என்றபோது இந்தப் பாதுகாப்பையும் கணக்கில் கொண்டது. ஆனால் அப்பிரிவின்கீழ் வந்த 2009 விதிகளில் 16ஆவது விதி, புகாரையும் நடவடிக்கையையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. மொட்டைக் கடுதாசியிலாவது குற்றச்சாட்டு இருக்கும். முடங்கிய தளத்தைத் தட்டும் வாசகருக்கு அதுவும் கிடைப்பதில்லை.

இணையத் துண்டிப்பு ஆணைகளை வெளியிட வேண்டும் என்று 2020 ஜனவரி 10 அன்று, காஷ்மீர் தொடர்பான அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. தள முடக்கத்துக்கும் அதே முறை வேண்டும்.

மகாராஷ்டிர உள்துறைக்குத் தனியே ஒரு வார்த்தை. பால் தாக்கரே மறைவையொட்டி மும்பை முடங்கியதைக் கேள்வி கேட்டு 2012 நவம்பரில் ஒரு பெண் முகநூலில் எழுதினார்; இன்னொருவர் அதற்கு விருப்பக்குறி இட்டார். பால்கரில் இருவரும் கைதானார்கள். அப்போது பயன்பட்ட, அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ஷ்ரேயா சிங்கல் தீர்ப்பு ரத்து செய்தது. அதன் பிறகும் நாட்டின் பல காவல் நிலையங்கள் அதில் வழக்குப் பதிந்தன. இனி யார் மீதும் அதன்கீழ் வழக்கு கூடாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மீண்டும் சொல்ல வேண்டியதாயிற்று. செத்த சட்டத்தைச் சாகடிக்க ஏழு ஆண்டு!

மத்திய அரசைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று அரசே முடிவு செய்ய வழிவகுத்த விதியை, குணால் கம்ரா வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்ததையும் சங்கம் நினைவூட்டுகிறது. வேறு பெயரில் அது திரும்பக் கூடாது.

வன்முறையைத் தூண்டும் பதிவுகளையும் குழந்தைகளைச் சீரழிக்கும் தளங்களையும் நீக்குவதைச் சங்கம் எதிர்க்கவில்லை. முடக்குமுன் வெளியீட்டாளரை அழைத்துக் கேட்க வேண்டும். அவசரமென்றால் 48 மணி நேரத்துக்குள் கேட்க வேண்டும். காரணத்துடன் ஆணையை அவருக்குக் கொடுத்து, பொதுவிலும் வெளியிட வேண்டும். இணையப் பதிவுகளை நீக்கச் சொல்ல அரசு பயன்படுத்தும் சகயோக் இணைய வாசல் வழியே நீக்கச் சொன்னவை எத்தனை, எந்தத் துறை கேட்டது என்ற கணக்கு மாதந்தோறும் வர வேண்டும். பதிவுக்காக ஒருவரைக் கைது செய்யுமுன் மூத்த அதிகாரியின் எழுத்துபூர்வ ஒப்புதல் கட்டாயம் என்று மாநிலக் காவல்துறை சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்.

இம்மனு மீது எடுக்கும் முடிவை, ஏற்றாலும் மறுத்தாலும், காரணத்துடன் எழுத்தில் தெரிவிக்குமாறு சங்கம் கேட்டுக்கொள்கிறது.