லேப் பிரிண்டா, பருத்தித் தாளா?



புகைப்படச் சிறப்பிதழுக்காக நீங்கள் அனுப்பிய படங்களோடு வந்த கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப இருந்தது. "இந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு வீட்டில் மாட்ட ஆசை. கலர் லேபில் கொடுப்பதா, 'ஃபைன் ஆர்ட் பிரிண்ட்' என்கிறார்களே, அதில் போடுவதா?" விலையில் இரண்டுக்கும் பல மடங்கு வித்தியாசம் இருப்பதால் இந்தத் தயக்கம் நியாயமானது. அதிகம் கொடுத்தால் நல்லது கிடைக்கும் என்று நினைத்துவிட வேண்டாம் என்பதற்காகவே இந்தப் பக்கத்தை இதற்கு ஒதுக்கினேன்.

லேப் பிரிண்ட் இன்றும் ஒளியால் உருவாகும் அசல் புகைப்படம்தான். வெள்ளி உப்பு பூசிய தாளின் மேல் லேசரோ எல்.இ.டி. ஒளியோ விழுகிறது. பிறகு தாளை ரசாயனத்தில் கழுவுகிறார்கள். ஒளிபட்ட இடங்களில் சாயம் உருவாகி, வெள்ளி வெளியேறிவிடுகிறது. நிறம் தாளுக்குள்ளேயே பிறப்பதால் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் புள்ளி தெரியாது. குழந்தையின் கன்னத்தில் வெளிச்சம் முடிந்து நிழல் தொடங்கும் இடத்தைப் பாருங்கள், எங்கே மாறியது என்றே சொல்ல முடியாது.

ஃபைன் ஆர்ட் முறையில் அச்சிடுவது இங்க்ஜெட் இயந்திரம். 8 முதல் 12 மைகள்; அவற்றில் கறுப்பும் சாம்பலும் மட்டுமே மூன்று நான்கு இருக்கும். மையில் இருப்பது கரைந்த சாயம் அல்ல, நிறமித் துகள். தாள் பெரும்பாலும் பருத்தி. ஜெர்மனியில் 1584-லிருந்து காகிதம் செய்துவரும் ஹானமூலே ஆலையின் 'போட்டோ ராக்' தாள் சதுர மீட்டருக்கு 308 கிராம் எடை. தொட்டால் வாட்டர்கலர் தாள் போலவே இருக்கும்.

இனி ஆயுள். எழுபதுகளில் எடுத்த கல்யாண ஆல்பம் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பந்தல், மாலை, பட்டுப்புடவை எல்லாவற்றிலும் செங்காவி ஏறியிருக்கும். அந்தக் காலத்துக் கலர் தாளில் இருந்த சயான் சாயம் பீரோவுக்குள் இருட்டில் வைத்திருந்தாலும் மெல்ல மங்கிவிடும். சிவப்பும் மஞ்சளும்தான் மிஞ்சும். அதே பீரோவில் இருக்கும் தாத்தாவின் கறுப்பு வெள்ளைப் படம் இன்னும் தெளிவாக இருக்கிறது என்றால், அதில் உருவத்தைத் தாங்குவது சாயம் அல்ல, வெள்ளி உலோகம் என்பதே காரணம். நம் ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை 'இந்து' என்ற பெயரில் தயாரித்ததும் அந்த இனத்துத் தாள்தான்.

படம் மங்கும் கவலை புதிதல்ல. மதராஸ் அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப், 1858-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டைப் பகுதி பகுதியாகப் படமெடுத்து, ஒட்டி இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமான ஒரே படமாக்கினார். பிரிண்ட் நிலைக்க வேண்டும் என்று தங்க உப்பால் டோனிங் செய்தவர் அவர். அவருடைய படங்களுக்கு 2014-ல் வாஷிங்டனில் தனிக் கண்காட்சி நடந்தது.

இன்றைய லேப் தாள்கள் எழுபதுகளின் தாள்களைவிட எவ்வளவோ மேல். ஹென்றி வில்ஹெல்ம் என்ற அமெரிக்க ஆய்வாளர் பல பத்தாண்டுகளாகப் பிரிண்டுகளின் ஆயுளையே சோதித்து வருகிறார். கண்ணாடிக்குப் பின்னால் மாட்டிய நல்ல கலர் லேப் பிரிண்டுக்கு ஏறத்தாழ 40 ஆண்டு, நல்ல பருத்தித் தாளில் நிறமி மையால் போட்ட பிரிண்டுக்கு 100 ஆண்டுக்கு அருகிலோ அதற்கு மேலோ என்பது இத்தகைய சோதனைகள் தரும் மதிப்பீடு. ஆனால் அந்தக் கணக்கு வீட்டுக்குள் இருக்கும் அளவான வெளிச்சத்துக்குப் போட்டது. மாலை வெயில் நேராக விழும் சுவரில் மாட்டினால் எந்தத் தாளும் தாங்காது.

அப்படியானால் எதில் போடுவது? என் முடிவை ஒளிக்காமல் சொல்கிறேன். கை மாறி மாறிப் பார்க்கப்போகும் குடும்பப் படம், திருமணம், காதுகுத்து, பள்ளி ஆண்டுவிழா, இவற்றுக்கு லேப் பிரிண்டே சரி. பருத்தித் தாளின் மேற்பரப்பு மென்மையானது. விரல் உரசினாலே கறுப்புப் பகுதியில் வெள்ளைக் கோடு விழும், வியர்வை பட்டால் தடம் நிற்கும். ஆல்பத்துக்கு அது ஒத்துவராது.

விடியற்காலை வாசல் கோலம், மூடுபனியில் ஏற்காடு, சுருக்கம் விழுந்த பாட்டியின் முகம் என்று மெல்லிய சாயல்களில் வாழும் படங்களுக்கும், நீங்கள் வரைந்த வாட்டர்கலரின் பிரதிக்கும் பருத்தித் தாள். வாட்டர்கலர் பிரதியில் தாளின் சொரசொரப்பும் சேர்ந்து கிடைப்பது பெரிய லாபம். விற்கவோ கண்காட்சியில் வைக்கவோ போகிறீர்கள் என்றாலும் இதுதான். ஆனால் இரவு நேரத் தேரோட்டம், தீவட்டி வெளிச்சம், நனைந்த தார் ரோடு போன்ற படங்களில் கறுப்பு ஆழமாக இருக்க வேண்டும். பளபளப்பில்லாத பருத்தித் தாளில் அந்தக் கறுப்பு கரிச்சாம்பலாகத் தோன்றும். அதற்கு லேபின் கிளாஸி தாளோ, ஃபைன் ஆர்ட் வகையிலேயே மினுமினுப்புள்ள 'பரைட்டா' தாளோ கேளுங்கள்.

தஞ்சாவூர் ஓவியத்துக்குப் பிரதி எடுக்க விரும்பும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. தங்க ரேக்கு இந்த இரண்டு முறையிலும் அச்சில் வராது. மஞ்சளும் பழுப்பும்தான் வரும். பக்கவாட்டில் ஒளி வைத்துப் படமெடுத்தால் ரேக்கின் மேடு பள்ளமாவது தெரியும்.

கடைக்குப் போகும்போது நான்கு விஷயங்கள் நினைவிருக்கட்டும். மை நிறமியா சாயமா, தாளின் பெயர் என்ன என்று கேளுங்கள். 'ஃபைன் ஆர்ட்' என்று பலகை மாட்டியிருப்பது மட்டும் உத்தரவாதம் ஆகாது. கோப்பை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், சுருங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள், அல்லது பென்டிரைவில் கொடுங்கள். 12-க்கு 18 அங்குலத்துக்கு 3600-க்கு 5400 பிக்சல் இருந்தால் நிம்மதி. போன் திரையில் பளிச்சென்று தெரிவது தாளில் ஒரு படி இருண்டே வரும், அதனால் முக்கியமான பகுதியை மட்டும் சின்னத் துண்டாக அச்சிட்டுப் பார்த்துவிட்டுப் பெரிய அளவுக்குப் போங்கள்.

சட்டம் போடும்போது படம் கண்ணாடியைத் தொடவே கூடாது. நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் ஈரத்தில் லேப் பிரிண்டின் ஜெலட்டின் பூச்சு கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரிக்கப் போனால் முகமே கண்ணாடியோடு போய்விடும். நடுவில் மவுண்ட் அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். அட்டை அமிலமற்றதாக இருக்கட்டும்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதி வையுங்கள். பருத்தித் தாளின் பின்புறம் மென்மையான பென்சிலால் எழுதலாம். லேப் தாளின் பின்புறத்தில் பென்சில் சரியாகப் பிடிக்காது, அதனால் சட்டத்தின் பின் அட்டையில் எழுதிவிட்டு மாட்டுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்